அரசாங்கம் சொன்னால் சரி

“லிப்ட் மெக்கானிக்கா? கிணத்துல வாளி இறக்குற மாதிரி நாள் முழுக்க ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கிறவனுக்கா நான் பொண்ணு குடுக்கணும்?”

அப்பா குதித்த குதியில் மேசை மேலிருந்த மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், லீவு போட்டு வந்து காதலைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“நல்ல பையன்தாங்க. அந்தத் தொழிலுக்கு இப்ப நல்ல கிராக்கி,” என்றாள் அம்மா, தோளிலிருந்து ஆபீஸ் பையைக்கூட இறக்காமல்.

“உனக்கு என்னடி தெரியும்? சும்மா இரு!”

அம்மா பையோடு சமையலறைக்குள் போனாள். இரண்டு வருடமாக ஏதோ ஓர் ஆபீசுக்கு டைப் அடிக்கப் போகிறாள். எந்த ஆபீஸ், என்ன டைப் என்று அந்த மகானுபாவர் இதுவரை கேட்டதில்லை.

அவர் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான். அரசாங்கத்தின் வேலை வழிகாட்டி இணையதளம். மகளை என்ன படிக்க வைப்பது என்பதையே அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். போன வருடம் அதில் ‘ஓய்வுக்குப் பின்’ என்ற பக்கத்தில், வீட்டு வேலை செய்தால் உடம்புக்கு நல்லது என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், ஒரு டம்ளர் கழுவி அறியாத மனுஷன் இப்போது தினமும் பாத்திரம் தேய்க்கிறார்.

“கவர்மென்ட் சைட்டைப் பார்ப்போம். எதிர்காலம் இல்லாத தொழில்னு இருந்தா, அவனை இன்னியோட மறந்துடணும். சரியா?”

அப்பா லேப்டாப்பைத் திறந்தார்.

“லிப்ட் மெக்கானிக்... ஆங், இருக்கு. ‘மாடிக் கட்டடங்கள் பெருகுவதால் ஆள் தேவை கூடி வருகிறது. நல்ல சம்பளம். பொறுப்பும் நிதானமும் உள்ளவர்களே இத்தொழிலில் நிலைப்பார்கள்.’”

அப்பாவின் குரல் இறங்கியது. “‘நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு வரும். குடும்பத்தார் அனுசரித்துப் போவது நல்லது.’ குடும்பத்தார்னா... மாமனாரும் சேர்த்திதானே?”

“அப்போ அவரை...?” என்று இழுத்தாள் மகள்.

“வரச் சொல்லும்மா. அரசாங்கமே சொல்லும்போது குறுக்கே நிக்க நான் யாரு?” என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு இனிப்பு வாங்கக் கிளம்பிவிட்டார்.

மகள் சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “பொழைச்சேன்மா! போன மாசம் நான் பார்த்தப்ப அதுல லிப்ட் மெக்கானிக்கே இல்லையே!”

“இல்லைதான். நாலு கம்பெனியில விசாரிச்சு நான்தான் எழுதினேன். ஒரு வரி பொய் கிடையாது. எங்க மேலதிகாரி சரிபார்த்த பிறகுதான் போட்டோம்.”

மகள் வாயைப் பிளந்தாள். “அந்த சைட்டுக்கு எழுதறது நீயா? இந்த வயசுல பரீட்சையெல்லாம் எழுதி, ஏம்மா அந்த வேலைக்குப் போனே?”

“நான் சொன்னா உங்கப்பா என்னிக்குடி கேட்டிருக்காரு? கவர்மென்ட் சொன்னாத்தான் கேப்பாரு. அதான், நானே கவர்மென்ட் ஆயிட்டேன்!”