படுத்த போஸ்

“கண்ணுக்குக் கீழே என்னம்மா அது? கரியைப் பூசிட்டு வந்திருக்கியா?”

போட்டோகிராபர் கேட்ட கேள்வியில் மாடல் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இரட்டைக் குழந்தை பெற்று, நாலு மாசம் கழித்து, அன்றைக்குத்தான் ஸ்டூடியோவுக்குத் திரும்பியிருந்தாள்.

விளக்கை நகர்த்திக்கொண்டிருந்த லைட்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘குழந்தைங்க எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?’ என்று திட்டினார். மனசுக்குள்தான். போன மாசம் லென்ஸைத் தரையில் வைத்த ஒருத்தரை இந்தச் சிடுமூஞ்சி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. லைட்மேனுக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் கல்லூரியில். வேலை போனால் கதை கந்தல்.

“ராத்திரி பூரா ரெண்டும் மாத்தி மாத்தி அழுதுதுங்க சார். மேக்கப்ல சரி பண்ணிடலாம். ஷூட்டை மட்டும் தள்ளிப் போட்டுடாதீங்க” என்றாள் அவள்.

“யார் தள்ளிப் போட்டா? கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நிக்கிற போஸ் வேண்டாம், அந்த சோபாவுல படு. கண்ணை மூடு. கேமரா சத்தம் நிக்கிற வரைக்கும் அசையக் கூடாது.”

படுத்தாள்.

“தாடையை இறக்கு. தோளைத் தளர்த்து. இன்னும் தளர்த்து. மூச்சை மெதுவா விடு.”

கிளிக்.

“யோவ், அந்தப் பெரிய விளக்கை அணை.”

கிளிக்.

“பின்னாடி இருக்கிறதையும் அணை. ஃபேனை ரெண்டுல வை, துணி லேசா அசையணும்.”

கிளிக்.

வியர்வையைத் துடைக்க லைட்மேன் கர்சீப்பை எடுத்தார். கர்சீப்போடு கூடவே வந்தது மெமரி கார்டு.

காலையில் பழைய படங்களை அழிக்க எடுத்த கார்டு. திரும்பக் கேமராவில் சொருக வேண்டியது அவர் வேலை. இந்த மனுஷன் அத்தனை படத்தையும் காற்றில் எடுத்துக்கொண்டிருக்கிறார்!

“சார்...”

“உஷ்!”

“ஒரு சின்ன விஷயம் சார்...”

“வாயை மூடுய்யா!” கத்தாமல் கிசுகிசுப்பாகச் சொன்னதுதான் இன்னும் பயமாக இருந்தது.

லைட்மேன் இருமிப் பார்த்தார். கனைத்துப் பார்த்தார். கிடைத்தது முறைப்புதான். ஒரே ஒரு நிமிஷம் வேலை நின்றால் போதும், கார்டைச் சொருகிவிடலாம். கடவுள் மேல் பாரத்தைப் போட்டு, ஓரமாக இருந்த காலி ஸ்டாண்டை முழங்கையால் தட்டிவிட்டார்.

படார்!

சோபாவில் அவள் புரண்டாள்.

“ஒண்ணுமில்லை... அப்படியே இரு... ரொம்ப நல்லா இருக்கு” என்றார் போட்டோகிராபர். பத்து வருஷத்தில் அப்படியொரு குரலை அவரிடம் லைட்மேன் கேட்டதே இல்லை. கிளிக், கிளிக். அடுத்த விநாடி இந்தப் பக்கம் திரும்பியது எரித்துவிடும் பார்வை.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில் மூலையில் ஒரு குட்டி விளக்குதான் மிச்சம். இந்த இருட்டில் என்னத்தை எடுக்கிறார் என்று லைட்மேனுக்குப் புரியவில்லை. பெரிய கலைஞர்களுக்குப் பூனைக் கண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவளாகவே விழித்து, பதறி எழுந்தாள். “ஐயையோ! தூங்கிட்டேனா சார்?”

“தூங்குற மாதிரி போஸ் கொடுக்கச் சொன்னா நிஜமாவே தூங்கிடறதா? இன்னைக்கு எடுத்தது ஒண்ணும் தேறாது. சம்பளத்தை வாங்கிட்டுக் கிளம்பு. நாளைக்குப் பத்து மணிக்கு வா, நிக்கிற போஸ்.”

அவள் தயங்கித் தயங்கி வெளியே போனாள். முகம் மட்டும் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்தது.

லைட்மேன் கார்டை மேஜைமேல் வைத்தார். “சார், தப்பு என்னுதுதான். இது என் பாக்கெட்லேயே இருந்துடுச்சு. ரெண்டு மணி நேரமா ஒரு படம்கூடப் பதிவாகல. அதைச் சொல்லத்தான் நானும்...”

போட்டோகிராபர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். ‘கார்டு இல்லை’ என்று அதன் திரையில் சிவப்பு எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது.

“முதல் கிளிக்குலேயே இது சொல்லிடுச்சு. கார்டை மறந்தே, போகட்டும்” என்றார். “நாலு மாசமா தூங்காத பொண்ணு அசந்து தூங்கும்போது ஸ்டாண்டைத் தள்ளிவிட்டே பாரு, அதுக்குத்தான்யா உன்னை வீட்டுக்கு அனுப்பணும்!”