கிள்ளிப் பார்த்தவர்கள்

நகம் பதிந்திருந்தது. வளைந்த இரண்டு தடங்கள், சிவந்துபோய்.

பள்ளிக்கூட வாசலிலேயே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"யாருட்டி கிள்ளுனா?"

மகள் கோமதி மூக்கை உறிஞ்சினாள். எட்டு வயது. அழுது முடித்த முகம்.

"பெனிட்டா."

பெனிட்டா பக்கத்திலேயேதான் நின்றாள். ஓடிப்போகலாம் என்றுகூடத் தோன்றாத அப்பாவி.

அவள் மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இடது கை. முழங்கைக்குக் கீழே. அந்த இடம்.

ஒன்றரை வருஷமாக மெழுகு பூசினதுபோல் பளபளத்து, இறுகிக் கிடக்கிற இடம்.

முதலில் தேமல் என்றார்கள். அப்புறம் படர்தாமரை என்று மூன்று டியூப் களிம்பு தீர்ந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் கண்டுபிடித்தார். ஸ்க்ளிரோடெர்மா. இரண்டு முறை சொல்லியும் அவள் வாயில் நுழையாத பெயர்.

தோல் இறுகும் நோய். குழந்தைகளுக்கும் வரும். யாருக்கும் ஒட்டாது. யார் செய்த தப்பும் இல்லை. எல்லாம் பொறுமையாகச் சொன்னார். சும்மா விட்டால் உள்ளே இறங்கும், வளர்கிற பிள்ளையின் கை வளராமல் நின்றுபோகலாம் என்பதையும் சொன்னார்.

பிறகு இரண்டு விரலால் அந்த இடத்தைக் கிள்ளினார். தோல் விரலுக்குள் வரவில்லை.

"இது எழும்பணும்மா. எழும்புச்சுன்னா மருந்து கேக்குதுன்னு அர்த்தம்."

வாரம் ஒரு ஊசி. ஞாயிற்றுக்கிழமை போட்டால் திங்கள் முழுக்கக் குமட்டல்.

முதல் ஆறு மாதம் அவள் தினமும் கிள்ளிப் பார்த்தாள். தினமும் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குமேல் தைரியம் இல்லை. மூன்று மாதமாக விரலை அங்கே கொண்டுபோகவே இல்லை. எண்ணெய் தேய்க்கும்போதுகூட அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள்.

இப்போது அங்கே நகத் தடம்.

கோபம் போன இடம் தெரியவில்லை. 

"இங்கனதான் கிள்ளுனாளா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமா."

"தோலு கையில வந்துச்சா?"

"வராமயா? உயிரே போயிட்டு."

இதைவிடச் சந்தோஷமான பதிலை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. வாசலென்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து பெனிட்டாவுக்குத் தைரியம் வந்தது.

"அவதான் ஆன்ட்டி கிள்ளிப் பாக்கச் சொன்னா."

"மெதுவான்னு சொன்னேம்லா!" கோமதி சீறினாள்.

அப்போதுதான் மகளின் சட்டையை அவள் கவனித்தாள். கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்கிற முழுக்கைச் சட்டை. இன்று முழங்கைக்கு மேலே அழகாக மடித்துவிடப்பட்டிருந்தது.

"ஏம்ட்டி அப்படிச் சொன்ன?"

"காலைல குளிக்கும்போது நானே கிள்ளிப் பாத்தேன். கொஞ்சம் வந்துச்சு. அதான் எல்லாரையும் பாக்கச் சொன்னேன்."

"எல்லாரையுமா?"

"லைன்ல நிப்பாட்டி வச்சா ஆன்ட்டி," என்றாள் பெனிட்டா. "முப்பத்தோரு பேரு. நாந்தான் கடேசி. காத்துக் காத்து நின்னு, ஆசையில கொஞ்சம் பலமாக் கிள்ளிட்டேன்."

போன வருஷம் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்த வகுப்பு அது.

அவள் குனிந்தாள். பெனிட்டாவை இழுத்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள். அடி விழுமென்று கண்ணை மூடியிருந்த அந்தப் பிள்ளை திருதிருவென்று விழித்தது.

"டீச்சரும் கிள்ளிப் பாத்தாங்க," என்றாள் கோமதி.

பிறகு கையை அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"நீ ஒருத்திதாம்மா இன்னும் பாக்கல."

அவள் முந்தானையை எடுத்து, வியர்த்திருந்த இரண்டு விரல்களையும் துடைத்துக்கொண்டாள்.