ஏற்கெனவே உள்ள பெயர்

நீளமான பிட்காயின் முகவரிக்குப் பதிலாக ஒரு பெயரைத் தட்டினாலே பணம் போய்ச் சேர வேண்டும். அதற்காக, லட்சக்கணக்கான பெயர்களைத் தாங்கும்படி டொமைன் எனும் இணையப் பெயர்களின் பதிவுகளை விரிவாக்குவது அவன் வேலை. சோதனைக்கு வாய்க்கு வந்த பெயர்களைச் சேர்த்தவன், பிறக்காமலே போன மகளின் பெயரையும் தட்டினான். தங்கள் இருவர் பெயரையும் குழைத்து மனைவி உண்டாக்கிய பெயர் அது. வெளியே யாருக்கும் தெரியாது. ‘ஏற்கெனவே உள்ளது’ என்றது திரை.

வீட்டுக்கு வந்து, அந்தப் பெயரைச் சொல்லி, “நீ பதிஞ்சியா?” என்று மனைவியிடம் கேட்டான்.

“நான் எதுக்குப் பதியப்போறேன்? இப்ப குழந்தை எதுக்கு, கலைச்சிடுன்னு சொன்ன வாயால அந்தப் பேரைச் சொல்லாதீங்க.”

மறுநாள் அந்தப் பெயருக்குச் சிறு தொகை அனுப்பினான். பிட்காயினில் போன பணம் தானாகத் திரும்பாது; வாங்கியவரே திருப்பி அனுப்ப வேண்டும். மதியத்துக்குள் முழுதாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘பெற்றுக்கொள்ள விருப்பமில்லை.’