பிடித்த வில்லன்

"பழைய நடிகர்கள்ல உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று மேனேஜர் கொளுத்திப் போட, சாப்பாட்டு மேஜை ரெண்டுபட்டது. காதல் நாயகனுக்கு ஒரு கட்சி, கத்திச்சண்டை நாயகனுக்கு ஒரு கட்சி.

"நீ சொல்லும்மா" என்றாள் கேஷியர் அக்கா, புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட்டிடம்.

"எனக்கு அந்த ரெண்டு பேர் படத்துலயும் வில்லனா வருவாரே, அவர்தான்."

"பெத்த தாயையே மாடிப்படியில உருட்டிவிடுவானே, அந்தப் படுபாவியா?" அக்கா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினாள். "அவன் முழியை நெனச்சாலே பத்திக்கிட்டு வருது. ரோட்டுல பார்த்தா இன்னிக்கும் அடிப்பேன்!"

அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்தன. ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். டைப்பிஸ்ட் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. முகமெல்லாம் பூரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உள்ளறைக்கு ஓடினாள்.

"அப்பா! ஆபீஸ்ல இன்னிக்கு ஏழு பேர் உங்களைத் திட்டினாங்க!"

சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த பெரியவர் நின்றார். "நாப்பது வருஷம் ஆச்சேம்மா. இன்னுமா?"

"கேஷியர் அக்காவுக்குச் சோறே இறங்கலப்பா!"

கூன் விழுந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியை உரக்கக் கூப்பிட்டார்.

"எனக்கு யாரும் ஒரு விருதுகூடக் குடுக்கலைன்னு அழுதியே, இங்க வந்து கேளு!"