டீ கொட்டிய பக்கம்

பிறப்புப் பதிவேட்டில் டீயைக் கொட்டியது நான்தான். "கிளாஸைத் தள்ளி வைங்க சார்" என்று எழுத்தர் இரண்டு முறை சொல்லியும் கொட்டினேன். ஐம்பத்தெட்டு வருடம் பத்திரமாக இருந்த என் பிறப்பு அரை நிமிடத்தில் கரைந்துபோனது. பெயர், தேதி எல்லாம் ஒரே பழுப்பு. நாளைக்குள் சான்றிதழைக் கொடுத்தால்தான் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தால்தான் வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போய் நிற்க முடியும்.

ஓரத்தில், நகல் வாங்கியவர் கையெழுத்திடும் கட்டம் மட்டும் நனையவில்லை. அதில் இடப்பக்கம் சாய்ந்த என் அம்மாவின் கையெழுத்து. தேதி, போன செவ்வாய்க்கிழமை.

"இது யாரு சார் வாங்கினது?"

"கையெழுத்துதான் இருக்கே."

"ஆள் யாருன்னு கேக்கறேன்."

"தினம் எத்தனையோ பேர் வராங்க சார்."

"எங்கம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சுங்க."

எழுத்தர் பதிவேட்டைத் துடைப்பதை நிறுத்தினார். மேசை டிராயரைத் திறந்து, உறையிலிருந்த நகலை என் கையில் கொடுத்தார்.

"அவங்கதான் வந்தாங்க. 'பையன் வருவான், வந்ததும் எதையாவது கொட்டுவான், அதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து வெச்சிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."