முகம் தெரியாத சீட்டு

"பிள்ளைய எதுக்குல பின்னால பாத்து உக்கார வச்சிருக்க?" என்று காரின் முன்சீட்டிலிருந்து கேட்டார் மாடக்கண்ணு.

"வண்டி இடிச்சா கழுத்து ஒடியாதுப்பா," என்றான் மகன் சேர்மத்துரை.

"இடிக்கும்னு தெரிஞ்சேதான் ஓட்டுதியோ?"

மகன் சிரித்துக்கொண்டே அவருக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டு, மருந்து வாங்க இறங்கிப் போனான்.

பின்சீட்டில், முதுகு அவர் பக்கம் இருக்கும்படி மாட்டியிருந்த குழந்தைச் சீட்டுக்குள் பேத்தி வீரிட்டாள். அதிகம் அழுதால் மூச்சடைத்து நீலம் பாரித்துப்போகிற பிள்ளை அது. அப்போதெல்லாம் அவர்தான் வாரியெடுத்து முகத்தில் ஊதுவார், மூச்சு திரும்பும். வேறெந்த வைத்தியத்தையும் அவர் நம்பியதில்லை.

பதறித் திரும்பினார். பெல்ட் நெஞ்சைப் பிடித்து நிறுத்தியது. துள்ளத் துள்ள இறுகியது. எங்கே அமுக்கினால் விடும் என்று அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஏட்டி, தாத்தா இங்கனதாம்ட்டி இருக்கேன்!"

எட்டிய கைக்குப் பிள்ளை அகப்படவில்லை. அவளுடைய சீட்டின் பிளாஸ்டிக் விளிம்புதான் தட்டுப்பட்டது. அழுகை சட்டென்று நின்றது. தூங்கிவிட்டாளா? முகத்தைப் பார்க்க வழியில்லை. அவர் கழுத்தை முறுக்கிக்கொண்டு, அந்தப் பிளாஸ்டிக்கின் மேலேயே ஊதத் தொடங்கினார்.