மூன்றாவது மென்பொருள்

காசு கொடுத்து வாங்குமுன், மூன்று சதுரங்க மென்பொருள்களை மடிக்கணினியில் இறக்கி, பொன்னையாவும் அவருடைய பரம வைரியான சிநேகிதர் சாஹுல் ஹமீதும் கலஹா ஊரில் பொன்னையாவின் வீட்டில் சோதித்தார்கள். முதலாவது, உலகத்துப் பழைய ஆட்டங்களையெல்லாம் கொட்டிக்காட்டிக் கொட்டாவி விடவைத்தது. இரண்டாவது, நகர்த்திய காயைத் திருப்பியெடுக்க விட்டது.

"சீ, இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று பொன்னையா அதை அழித்தார். தொட்ட காயை ஆடியே தீரவேண்டும் என்பது இருவருக்கும் உயிரான சட்டம். மூன்றாவது அந்தச் சட்டப்படியே நடந்தது.

பொன்னையா ஹமீதின் குதிரையை வெட்டினார். ஹமீதின் முன்பற்கள் இரண்டு தெறித்துத் தரையில் விழுந்தன. கோட்டையை வெட்டினார். ஹமீதின் இடது கை முறிந்த சத்தம் பேராதனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஹமீது நானா, நிப்பாட்டிருவோமா?"

"பயமா, பொன்னையா? வெட்டுங்க!" ஹமீது ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

பொன்னையா ஆட்டத்தை மூடத்தான் போனார். விரல் தவறி, ராணியைத் தொட்டுவிட்டார். ராணி போக ஒரே கட்டம்தான் இருந்தது. அங்கே வைத்தால் ஹமீதின் ராஜா தீர்ந்தான்.

"தொட்டிட்டீங்க," என்ற ஹமீது, நல்ல கையால் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தை நீட்டினார். "வைங்க."